ஒரே பெயர், வேறு வேறு வியாதி

வண்டியூர்த் தெப்பக்குளத்தை மதுரை வாசகர்களுக்கு நாம் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை. 1645-ஆம் ஆண்டில் திருமலை நாயக்க மன்னர் அமைத்த அந்தக் குளம் ஏறக்குறைய 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து அதை நிரப்புகிறது. தைப்பூசத் தெப்பத் திருநாளில் நான்கு கரையிலும் திரளும் ஜனக் கூட்டத்தைத் தாங்கி நிற்பது அதன் கல் கட்டுமானம். அந்தக் கரையில் எங்கேனும் பழுது காணுமானால், கைதேர்ந்த கொத்தனார் இரண்டு கேள்விகள் கேட்பார். பழுது மேற்பூச்சோடு நின்றதா, கல்லையும் கடந்து மண் வரையில் போய்விட்டதா என்பது ஒன்று. பழுதை உண்டாக்கியது மரத்தின் வேரா, உப்பா, நீரின் அரிப்பா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தெரியாமல் அவர் கரண்டியைக் கையில் எடுக்க மாட்டார்.

நம் உடம்புக்குள்ளும் இத்தகைய ஒரு குளம் இருக்கிறது. அதுதான் மூத்திரப் பை. இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் இரண்டு குழாய்கள் அதில் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஏறக்குறைய அரை லிட்டர் நீரைத் தாங்கக்கூடிய அந்தப் பையின் உட்புறத்தில், விரிந்து சுருங்கும் தன்மையுள்ள ஒரு மெல்லிய தோல் அமைந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு மெத்தைப் படலம். அதற்கும் வெளியே பலமான தசைச் சுவர். இந்தக் கரையில் புற்று நோய் தோன்றும்போதும் வைத்தியர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே. நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? எந்த ரக உயிரணுவாக அது வளர்ந்திருக்கிறது?

ஆழத்தைப் பற்றி இன்று பலரும் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். "முதல் கட்டம்", "இரண்டாம் கட்டம்" என்று வீட்டுத் திண்ணைகளிலேயே பேசிக்கொள்கிறார்கள். உயிரணுவின் ரகத்தைப் பற்றியோ பேசுவார் இல்லை. ஆனால் ஒரு நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பலிக்கும், எது பலிக்காது என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்த வீட்டுக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்றா?

நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது இதுதான். வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மூத்திரப் பையில் புற்று நோய் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். செய்தி பரவுகிறது. உறவினர் ஒருவர் வந்து, "எங்கள் சம்பந்திக்கும் இதே வியாதிதான். வாரம் ஒரு தடவை பைக்குள் மருந்து விட்டார்கள். ஆறு வாரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். உங்களுக்கு மட்டும் பையையே எடுக்க வேண்டும் என்கிறார்களா? பணம் பிடுங்கும் வேலை மாமா, இது!" என்று சொல்கிறார். சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கேட்பவருக்கும் அது நியாயமாகவே தோன்றுகிறது. உடனே வேறு ஆஸ்பத்திரி, வேறு ஊர், பிறகு லேகியம், சூரணம் என்று இரண்டு மூன்று மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இந்த நோய்க்கு அந்த மாதங்கள் சிறியவை அல்ல.

சம்பந்திக்கும் மாமாவுக்கும் நோயின் பெயர் ஒன்றுதான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதனாலேயே வியாதி ஒன்றாகிவிடாது.

பூதக்கண்ணாடியின் தீர்ப்பு

பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். செங்கல் அடுக்கியதுபோல் வரிசை வரிசையாக உயிரணுக்கள் தெரிந்ததும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். வியாதியின் இருப்பிடம் இந்த உயிரணுவே என்று ஜெர்மன் அறிஞர் விர்க்கோ 1858-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இன்றும் புற்று நோயைப் பற்றிய முடிவான தீர்ப்பு அந்தப் பூதக்கண்ணாடியின் கீழ்தான் எழுதப்படுகிறது.

மூத்திரத் துவாரத்தின் வழியாக மெல்லிய கருவி ஒன்றைச் செலுத்தி, வெளிச்சத்தின் உதவியால் டாக்டர் பையின் உட்புறத்தைப் பார்க்கிறார். கட்டி தென்பட்டால் அதே வழியில் அதைச் சுரண்டி எடுக்கிறார். எடுத்த சதைத் துணுக்கு மெழுகில் பதிக்கப்பட்டு, காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாக அறுக்கப்பட்டு, நீலமும் ரோஜா நிறமுமான இரண்டு சாயங்களில் தோய்க்கப்படுகிறது. சாயம் ஏறிய பிறகுதான் அணுக்களின் உருவமும் அவை அமைந்திருக்கும் விதமும் கண்ணுக்குப் புலனாகின்றன. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன மதுரைக்கு, சாயம் ஏறினால்தான் வடிவம் தெரியும் என்பதைப் பிறர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வாறு பார்க்கையில் தெரியவரும் முக்கியமான ரகங்கள் நான்கு. பையின் உள்தோலுக்கு யூரோதீலியம் என்று பெயர். அந்தத் தோலின் சாயலிலேயே வளர்வது யூரோதீலிய ரகம். உலகத்தின் பெரும்பாலான தேசங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு நோயாளிகளுக்கு இருப்பது இதுவே. மீன் செதிள்போல் தட்டையான அணுக்களாக வளர்வது செதிள் ரகம். ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் என்று எழுதியிருப்பார்கள். சுரப்பிகளின் அமைப்பில் வளர்வது சுரப்பி ரகம். அதற்கு அடினோ என்று பெயர். மிகச் சிறிய அணுக்கள் நெருக்கமாகக் குவிந்து வளர்வது சிற்றணு ரகம். ஸ்மால் செல் என்று குறிப்பிடுவார்கள். பின்னிரண்டும் மிக அபூர்வம். இவை தவிர, ஒரே கட்டியில் ஒரு பகுதி யூரோதீலியமாகவும் மற்றொரு பகுதி செதிளாகவும் கலந்திருப்பதும் உண்டு.

எகிப்திலிருந்து திருப்பரங்குன்றம் வரை

செதிள் ரகத்தின் கதை விசித்திரமானது. 1851-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரத்தில் பணியாற்றிவந்த பில்ஹார்ஸ் என்னும் இளம் ஜெர்மன் வைத்தியர், இறந்தவர் உடலின் ரத்தக் குழாய்களில் ஒருவகைப் புழு குடியிருப்பதைக் கண்டார். கால்வாய் நீரில் வாழும் நத்தையில் வளர்ந்து, நீரில் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து உடம்பில் நுழையும் புழு அது. அதன் முட்டைகள் மூத்திரப் பையின் சுவரில் தைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உறுத்துகின்றன. உறுத்தலுக்கு ஈடுகொடுக்கும் முயற்சியில், பையின் மெல்லிய உள்தோல் தடித்த செதிள் தோலாக மாறுகிறது. அந்த மாறுதலிலிருந்து சிலருக்குப் புற்று பிறக்கிறது. 1911-ஆம் ஆண்டிலேயே கெய்ரோவில் பெர்குஸன் என்னும் வைத்தியர் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார். இந்தப் புழு புற்று நோயை உண்டாக்கக்கூடியது என்பதை 1994-ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் உறுதி செய்தது.

எகிப்தில் நெடுங்காலம் மூத்திரப் பைப் புற்று என்றாலே செதிள் ரகம் என்றுதான் அர்த்தம். புழுவை ஒழிக்கும் முயற்சி வெற்றி பெற்று, மாத்திரை கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது அங்கும் யூரோதீலிய ரகமே முந்தி நிற்கிறது. நோயின் காரணம் மாறும்போது நோயின் ரகமும் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

நீல நதிப் புழுவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். 1952-ஆம் ஆண்டில் கட்கில், ஷா என்னும் இரண்டு வைத்தியர்கள், அந்நாளைய பம்பாய் ராஜ்யத்தின் ரத்தினகிரி ஜில்லாவில் கிம்வி என்னும் கிராமத்தில் இத்தகைய புழு நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் இவ்வியாதி காணப்பட்ட இடங்களை வரிசைப்படுத்தும் மருத்துவக் கட்டுரைகளில் கிம்வியோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர், வண்டியூரிலிருந்து நகரத்தின் மறுபுறம் சென்றால் எட்டிவிடக்கூடிய நம்முடைய திருப்பரங்குன்றம்!

இதைக் கேட்டுக் குளத்தில் கால் நனைக்க யாரும் அஞ்ச வேண்டியதில்லை. எகிப்தில் பரவியதுபோல் அந்த நோய் நம் தேசத்தில் பரவவில்லை. நம்மவர்களுக்குச் செதிள் ரகம் வருவது வேறு வழிகளில். பையில் கல்லை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டிருப்பது, மாறாத கிருமித் தொற்று, முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு நெடுநாள் பொருத்தி வைத்த மூத்திரக் குழாய் ஆகிய இவையும் அதே உறுத்தலைத்தான் செய்கின்றன.

யூரோதீலிய ரகத்தின் முதல் சத்துரு புகையிலை. பீடி, சிகரெட்டுப் புகையிலுள்ள விஷங்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கின்றன. சாயப் பட்டறை ரசாயனங்கள் மற்றொரு காரணம். 1895-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்தில் லூத்விக் ரேன் என்னும் ரண சிகிச்சை நிபுணர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளிடம் இந்தப் புற்று நோய் தோன்றுவதை முதன்முதலில் எடுத்துக் காட்டினார். அத்தகைய அபாயம் நிறைந்த பென்சிடின் சாயங்களை 1990-களில் இந்திய சர்க்கார் தடை செய்தது.

கிண்டியில் பிறந்த மருந்து

இப்போது சிகிச்சைக்கு வருவோம். சம்பந்திக்கு வாராவாரம் பைக்குள் விட்ட மருந்து பெரும்பாலும் பி.ஸி.ஜி.யாக இருக்கும். ஆம், குழந்தை பிறந்ததும் கையில் குத்துகிறார்களே, அதே க்ஷயரோகத் தடுப்பு மருந்துதான்! நம் நாடு சுதந்திரம் பெற்ற மறு வருஷம், அதாவது 1948-இல், சென்னைக் கிண்டியில் இதைத் தயாரிப்பதற்கென்றே சர்க்கார் ஓர் ஆராய்ச்சிச் சாலையை நிறுவியது. அதற்கு மூத்திரப் பையில் ஒரு வேலை உண்டு என்பதை 1976-ஆம் ஆண்டில் கானடா தேசத்து வைத்தியர் மொராலிஸ் உலகுக்கு அறிவித்தார். வீரியம் குறைந்த அந்தக் கிருமியைப் பையில் விட்டால், அதைத் துரத்துவதற்காக உடம்பின் காவற்படை திரண்டு வருகிறது. வந்த படை புற்றணுக்களையும் சேர்த்து அழிக்கிறது. ஆறு வாரம் வாரம் ஒரு முறை விடுவது முதற் சுற்று. பிறகு இடைவெளி விட்டுச் சில சுற்றுக்கள் தொடரும்.

மகத்தான மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு? தசைச் சுவரைத் தொடாமல் மேலேயே நிற்கும் யூரோதீலிய ரகத்துக்கு. செதிள், சுரப்பி, சிற்றணு ரகங்களுக்கு இது சிகிச்சையே அல்ல. யூரோதீலிய ரகத்திலேயே நுண் மொட்டுக்கள் போன்ற அமைப்பில் வளரும் ஒரு பிரிவு உண்டு. மைக்ரோபாபில்லரி என்னும் அந்தப் பிரிவு, மேலாக இருப்பதுபோல் தோன்றும்போதே பி.ஸி.ஜி.க்கு நன்றாகக் கட்டுப்படுவதில்லை. ஆகையால் காலதாமதமின்றிப் பையை எடுத்துவிடுவதே உசிதம் என்று பல நிபுணர்கள் கருதுகிறார்கள். மாமாவிடம் டாக்டர் கடுமையாகப் பேசியதன் காரணம் இதுபோன்ற ஒரு வார்த்தையாக இருக்கலாம்.

நோய் தசைக்குள் இறங்கிவிட்டால் பையை எடுப்பதே நெடுங்காலமாகப் பிரதான சிகிச்சை. அதற்கு முன்பே ரசாயன மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று அமெரிக்காவில் 307 நோயாளிகளைக் கொண்டு சோதித்து, 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ரண சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 46 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். முன்கூட்டியே மருந்தும் பெற்றவர்களில் பாதிப் பேர் 77 மாதங்களைத் தாண்டினார்கள். சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைப் பிரதானமாகக் கொண்ட அந்த முறை அதன்பின் எங்கும் பரவியது.

இங்கேதான் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. தூய செதிள் ரகமும் சுரப்பி ரகமும் இத்தகைய மருந்துகளுக்கு அவ்வளவாக இளகுவதில்லை என்பது பழைய அனுபவம். அப்படியானால், யூரோதீலியத்தோடு செதிளோ சுரப்பியோ கலந்த கட்டிக்கு மருந்து வீண்தானே என்று நினைப்பது இயற்கை. அதே சோதனையில் சேர்ந்திருந்தவர்களில் 59 பேருக்கு இப்படிக் கலப்புக் கட்டி இருந்தது. 2011-ஆம் ஆண்டில் அவர்களுடைய விவரங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, கலப்பு உள்ளவர்களுக்குத்தான் முன்மருந்தினால் கிட்டிய லாபம் தெளிவாகத் தென்பட்டது. எண்ணிக்கை சிறியது, ஆகவே இதைக் கொண்டு பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் "கலப்பு இருக்கிறது, ஆகையால் மருந்து வேண்டாம்" என்று யாரும் சொல்லிவிடுவதற்கு இடமில்லை என்பது தெளிவாயிற்று. தூய செதிள் ரகமும், செதிள் கலந்த யூரோதீலிய ரகமும் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை வித்தியாசமே. சிகிச்சையிலோ அது பெரிய வித்தியாசம்.

மற்ற ரகங்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். தூய செதிள் ரகம் தூர தேசம் போவதைவிட, இடுப்புக் கூட்டிலேயே வேரோடிப் பரவும் சுபாவம் உடையது. ஆகவே நல்ல விளிம்போடு முழுவதையும் எடுத்துவிடும் ரண சிகிச்சையே அதற்கு முதல் நம்பிக்கை. சிலருக்குக் கதிர் சிகிச்சை துணை நிற்கிறது. சிற்றணு ரகம் இதற்கு நேர் விரோதம். கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் உடலெங்கும் விதை தூவிவிடும். கத்தியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். நுரையீரலில் வரும் சிற்றணுப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளையே முதலில் கொடுத்து, பிறகு ரண சிகிச்சையோ கதிர் சிகிச்சையோ செய்கிறார்கள். சுரப்பி ரகத்தைக் கண்டால் டாக்டர் முதலில் குடலைப் பரிசோதிப்பார். வேறிடத்துப் புற்று இங்கே வந்து முளைத்திருக்கலாம் அல்லவா? அப்படி இல்லையென்றால் மற்றொரு சாத்தியம் உண்டு. தாயின் கர்ப்பத்தில் இருந்தபோது தொப்புளுக்கும் மூத்திரப் பைக்கும் இடையே இருந்த குழாயின் மிச்சத்தில், பையின் உச்சியில், அது பிறந்திருக்கலாம். அத்தகைய கட்டிக்குப் பல சமயங்களில் பை முழுவதையும் எடுக்காமல், அதன் உச்சியையும் அந்தக் குழாயையும் தொப்புளையும் சேர்த்து எடுத்தால் போதுமானதாகிறது.

நோய் பரவிவிட்ட யூரோதீலிய ரகத்துக்கு அண்மையில் புதிய நம்பிக்கை பிறந்திருக்கிறது. என்ஃபோர்டுமாப் வெடோடின், பெம்ப்ரோலிஸுமாப் என்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. பழைய ரசாயன மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 16 மாதங்களைத் தாண்டியபோது, புதியவற்றைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 31 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். சோதனை செய்யப்பட்டது யூரோதீலிய ரகத்தில் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பத்திரிகையில் "மூத்திரப் பைப் புற்றுக்குப் புது மருந்து" என்று தலைப்பைப் பார்த்ததும், அது நம் வீட்டு நோயாளிக்கும் பொருந்தும் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

எல்லாவற்றிலும் முதன்மையானது, சிறுநீரில் ரத்தம் கண்டால் அசட்டை செய்யாதிருத்தல். இந்த நோயில் ரத்தம் பெரும்பாலும் வலியில்லாமல் வரும். ஒரு நாள் வந்து, பிறகு மாதக்கணக்கில் வராமலும் இருக்கும். சித்திரை வெயிலில் நம்மவர்கள், "எல்லாம் உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீரும் நீராகாரமும் குடித்துவிட்டு, ரத்தம் நின்றதும் மறந்துவிடுகிறார்கள். இளநீர் நல்லதுதான். ஆனால் ரத்தம் தானாக நின்றது, நோய் போனதற்கு அடையாளம் ஆகாது. வயது சென்ற பெண்மணிகள் கூச்சத்தினால் இதை வெளியே சொல்லாமலே காலம் கடத்துகிறார்கள். பெண்ணும் மருமகளும்தான் பக்குவமாக விசாரித்து அழைத்துப் போக வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை ரிப்போர்ட்டைப் பத்திரத்தைப்போல் பாதுகாக்க வேண்டும். டாக்டரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேட்கலாம்: "இது எந்த ரக அணு? கலப்பு ஏதேனும் இருக்கிறதா? எடுத்த சதையில் தசையும் சேர்ந்து வந்திருக்கிறதா?" தசை வராமற் போனால் நோயின் ஆழத்தைக் கணிக்க முடியாது; அதனாலேயே சில சமயம் சில வாரங்களில் மறுபடியும் சுரண்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அதை வீண் செலவு என்று எண்ணலாகாது. ரகத்தில் சந்தேகம் இருந்தால், மெழுகில் பதித்த அந்தச் சதைத் துணுக்கையே வாங்கிக்கொண்டு போய், வேறொரு நிபுணரின் பூதக்கண்ணாடியில் காட்டி அபிப்பிராயம் பெறலாம். நோயாளியை ஊர் ஊராக அலைக்கழிப்பதைவிட, அந்தத் துணுக்கைப் பிரயாணம் செய்விப்பது எவ்வளவோ சுலபம்.

மூன்றாவது, செலவுக்கு அஞ்சி வீட்டில் முடங்க வேண்டாம். மதுரையில் முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னையில் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1954-ஆம் ஆண்டில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உதவிக்கு இருக்கிறது.

கடைசியாக உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போங்கள், தைரியம் சொல்லுங்கள், கூடத் துணைக்கு ஆஸ்பத்திரி வரையில் செல்லுங்கள். "எங்கள் வீட்டில் இப்படிச் செய்தார்கள், இவருக்கு ஏன் செய்யவில்லை?" என்னும் கேள்வியை மட்டும் நோயாளியிடம் கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன் ரிப்போர்ட்டை எடுத்து, அணுவின் பெயர் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை ஒரு முறை படித்துவிடுங்கள்.